களத்து வளைவில் நின்றவள்

விஜயபுரத்துப் பக்கம் ஒரு சின்ன ஊரில் கங்கையாவின் மூத்த மகளாகப் பிறந்தவள் தாட்சாயணி. சிறுமியாக இருந்தவரை அவள் நடந்துபோய் யாரும் பார்த்ததில்லை. கடைக்குப் போனாலும் ஓட்டம், வயலுக்குக் கூழ் கொண்டுபோனாலும் ஓட்டம். ஒருநாள் ஏரிக்கரையில் மாடுகள் மிரண்டு, அவளுடைய தம்பி தனியாக உட்கார்ந்திருந்த வண்டியை இழுத்துக்கொண்டு பாய்ந்தன. ஆண்கள் நின்ற இடத்தில் நின்று கத்தினார்கள். இவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்புகளைக் குறுக்கே தாண்டி ஓடி, மதகு வருவதற்கு முன்பே வண்டியை எட்டி, மூக்கணாங்கயிற்றில் தொங்கி நிறுத்தினாள். தம்பிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அன்று சாயங்காலம் கங்கையா அவளைப் புளிய மிளாறால் விளாசினார். தொடை தெரிய ஊர் பார்க்க ஓடினாள் என்பது குற்றம்.

"இனிமே ஓடினேன்னு யாராச்சும் வந்து சொன்னா, காலை ஒடைச்சுப் போடுவேன்" என்றார்.

அந்த வருஷமே அவள் வயதுக்கு வந்தாள். ஓட்டம் அதோடு நின்றது.

பதினேழு வயதில் திருவேங்கடத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். புத்தூரைத் தாண்டி நகரி ரோட்டில் ரங்கையா என்பவரின் கடலை எண்ணெய் மில் இருந்தது. அங்கே மூட்டை எடை போடுகிறவன் திருவேங்கடம். அதிர்ந்து பேசாதவன், குடிக்காதவன். தாட்சாயணியும் அதே மில்லில் களத்து வேலைக்குச் சேர்ந்தாள். வேர்க்கடலை வந்து இறங்கும் மாதங்களில் அதைச் சிமெண்டுக் களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். பெண்கள் வரிசையாக நின்று, காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து, அடியில் இருக்கும் கடலை மேலே வரும்படி துழாவிவிட வேண்டும். மற்றவர்கள் பாதிக் களம் போவதற்குள் தாட்சாயணி கடைசிவரை போய்த் திரும்பி வந்துகொண்டிருப்பாள். மேஸ்திரி ஒருநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, கொஞ்சம் மெதுவாகப் போகச் சொன்னார். கூட வருகிறவர்கள் சோம்பேறிகள் மாதிரி தெரிகிறார்களாம்.

ஆந்திரம் தனி ராஜ்யமாகப் பிரிந்து ஆறு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. எந்தத் தாலுகா எந்தப் பக்கம் என்ற சண்டையும் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. மில் சுவரில் இரண்டு மொழியிலும் தாரால் எழுதியிருந்த கோஷங்களின் மேல் ரங்கையா சுண்ணாம்பு அடித்துவிட்டார். திருத்தணி மதராஸ் பக்கம் போகும், புத்தூரும் நகரியும் ஆந்திரத்தின் பக்கமே இருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதிகாரபூர்வமாக நடக்க இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்றார்கள். ஊர்வலத்துக்குப் போய்ச் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தவன் திருவேங்கடம். அதைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவான்.

அந்தக் கோடையில் களம் காலியாகக் கிடந்தபோதுதான் பட்டணத்திலிருந்து அவர்கள் வந்தார்கள். ரங்கையாவின் மைத்துனர் கோவர்த்தனன், அவருடைய மகள் ருக்மணி, கூட இரண்டு இளைஞர்கள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பந்தயம் ஓடுகிறவர்களாம். பட்டணத்தில் அவர்கள் ஓடிப் பழகும் இடத்தில் ஏதோ பொருட்காட்சி போட்டுவிட்டார்கள் என்பதால், மச்சானின் களத்தை நினைத்துக்கொண்டு வந்துவிட்டார் கோவர்த்தனன். அவ்வளவு வழவழப்பான சிமெண்டுத் தரை சுற்றுவட்டாரத்தில் வேறு இல்லை. களத்தின் நான்கு மூலையிலும் எண்ணெய் டின்களைக் கவிழ்த்து, சுண்ணாம்பால் முட்டை வடிவத்தில் கோடு போட்டார்கள்.

களத்தைக் கூட்டுகிற வேலை தாட்சாயணிக்கு வந்தது. சும்மா கூட்டினால் போதாது. கூட்டிய பிறகு ஈரக் கோணியை இழுத்துத் துடைக்க வேண்டும். அதற்கு மேல் கோவர்த்தனன் வெறுங்காலோடு நடந்து பார்ப்பார். மணல் உறுத்தினால் திரும்பவும் துடைக்க வேண்டும். வேகமாக வருகிற சக்கரத்தின் அடியில் ஒரு சின்னக் கல் அகப்பட்டாலும் ஆளைத் தூக்கி எறிந்துவிடும் என்று அவர் முதல் நாளே எச்சரித்தார்.

முதல் நாள் காலை, துடைத்து முடித்த கோணியைச் சுருட்டிக்கொண்டு அவள் போயிருக்கலாம். போகவில்லை. ருக்மணி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தாட்சாயணியின் வயதுதான் இருக்கும். முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டு, தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். கோவர்த்தனன், தலை நரைத்த மனிதர், வேட்டி அழுக்காவதைப் பொருட்படுத்தாமல் தரையில் மண்டியிட்டார். மகளின் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு, சக்கர பூட்ஸின் கயிற்றை ஒவ்வொரு துளையாக இழுத்து இறுக்கிக் கட்டினார். "வலிக்குதாம்மா?" என்று கேட்டார். அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

தாட்சாயணி சுருட்டிய கோணியைக் கீழே போட்டாள். சக்கரம் பிறகுதான் ஓடியது. பொறாமை அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

பிறகு ருக்மணி ஓடினாள். ஓடினாள் என்று சொல்வது சரியில்லை. இடுப்பை வளைத்து, ஒரு கையை முதுகின்மேல் மடித்து வைத்து, மறு கையை மட்டும் வீசிக்கொண்டு தரையை ஒட்டிப் போனாள். நேர்க்கோட்டில் நீளமாகத் தள்ளினாள். வளைவு வந்ததும் வலது காலை இடது காலுக்கு மேலே போட்டுப் போட்டு, உடம்பு முழுவதும் உள்பக்கம் சாய, விழப்போகிறாள் என்று நினைக்கும்போதே நிமிர்ந்து மறுபக்கம் போய்விட்டாள். இளைஞர்கள் இருவரும் அவளுக்குப் பின்னால் வந்தார்கள். கோவர்த்தனன் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வார்த்தை சொன்னார். வேகம் கூடக் கூடச் சக்கரங்களின் கரகரப்பு மாறி ஒரே இரைச்சலாகியது.

இப்படியும் போகலாமா என்று தாட்சாயணி வாய் பிளந்து நின்றாள். அடுத்த கணமே, இதெல்லாம் நம்மிடம் இல்லாமல் போச்சே என்று எரிந்தது. அன்றிலிருந்து அவள் ஒரு காலையும் ஒரு மாலையும் தவறவிடவில்லை. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் களத்தின் தூர வளைவில், புங்கமரத்துப் பக்கம் வந்து நின்றுவிடுவாள். மில் ஆட்கள் சிலர் மூட்டைகளின்மேல் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்களுக்கு ஒரு வாரத்தில் அலுத்துவிட்டது. அவளுக்கு அலுக்கவில்லை. ருக்மணி எந்தச் சுற்றில் மூச்சு வாங்க ஆரம்பிக்கிறாள், களைத்தால் எந்தத் தோள் தொங்குகிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. பிடிக்காத ஒருத்தியை யாரும் அவ்வளவு நேரம் பார்க்க மாட்டார்கள். ஆனால் தனக்கு அவளைப் பிடிக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் தாட்சாயணி சண்டைக்குப் போயிருப்பாள்.

பழகி முடித்ததும் ருக்மணிக்குப் பால், முட்டை, துவட்டிக்கொள்ளப் பூந்துவாலை. பாலைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் இவளுக்கே வந்தது. ருக்மணி அதை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ்மா" என்பாள். ஒருநாள், "ஏம்மா, அந்தத் துண்டைக் கொஞ்சம் எடுங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். தன் வயதுக்காரி தன்னை 'அம்மா' என்றும் 'எடுங்க' என்றும் கூப்பிட்டது தாட்சாயணிக்கு ராத்திரி சோறு இறங்காமல் செய்தது. வெயிலில் கறுத்த முகம், வெடித்த குதிகால், வெற்றிலைக் கறை. பார்க்கிறவளுக்கு அம்மா மாதிரிதான் இருக்கும்.

வீட்டில் திருவேங்கடம் வேறு அந்தப் பேச்சையே எடுத்தான். அந்தப் பெண் காற்று மாதிரி போகிறாள், பொம்பளைப் பிள்ளை இப்படிப் போவதை இந்த ஜில்லாவிலேயே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று வியந்தான். தாட்சாயணி குழம்புக் கரண்டியைச் சட்டியில் போட்டாள்.

"நான் மாட்டு வண்டியப் புடிச்சது உனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

அவனுக்குத் தெரியாது. கல்யாணமாகி இத்தனை நாளில் அவள் அதைச் சொன்னதே இல்லை. அவன் சொல்லச் சொல்லிக் கேட்டான். அவள் சோற்றைப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அவர்கள் வந்து ஒரு மாதம் இருக்கும். மில்லில் மிச்சமிருந்த விதைக்கடலை மூட்டைகளை அன்று மதியம் களத்தின் வழியாக வண்டிக்குத் தூக்கிப் போனார்கள். சாயங்காலம் தாட்சாயணி கூட்டினாள், துடைத்தாள். கோவர்த்தனன் அன்று தலைவலி என்று நடந்து பார்க்கவில்லை. பயிற்சி ஆரம்பித்துச் சுற்றுகள் சூடு பிடித்த பிறகு, புங்கமரத்தடியில் நின்றவளின் கண்ணில் அது பட்டது. தூர வளைவில், சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே, ஓட்டோடு ஒரு வேர்க்கடலை. சிமெண்டின் நிறத்திலேயே கிடந்தது.

சத்தம் போட்டால் போதும். அவள் வாயைத் திறக்கவில்லை.

ருக்மணி வந்தாள். சக்கரம் ஒரு சாண் தள்ளிப் போனது. மறுபடி சுற்றி வந்தாள். இந்தத் தடவை இன்னும் நெருக்கமாக. விழட்டும் என்று தாட்சாயணி நினைத்தாளா? பிற்பாடு அவள் தன்னையே பலமுறை கேட்டுக்கொண்டாள். விழட்டும் என்றில்லை. விழுந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கத் தோன்றியது. அந்த வெள்ளைத் துவாலை, பால், மண்டியிடுகிற அப்பா எல்லாம் ஒருநாளாவது புழுதியில் கிடக்கட்டும் என்று தோன்றியது. ருக்மணி இன்னொரு சுற்றும் வந்து போனாள். இப்போது அவள் களைத்திருந்தாள், இடது தோள் தொங்கியது. களைத்தால் அவள் வளைவில் உள்ளே ஒதுங்குவாள். அடுத்த சுற்றில் சக்கரம் கடலையின்மேல்தான் ஏறும் என்று தாட்சாயணிக்குத் தெரிந்துவிட்டது.

அவளை அறியாமலே கால் கிளம்பியது. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பல வருஷம் கழித்து, அவள் ஓடினாள். குனிந்து கடலையை அள்ளி நிமிர்ந்தபோது ருக்மணி வளைவுக்குள் வந்துவிட்டாள். எதிரில் ஆளைப் பார்த்து ஒடித்துத் திரும்பினாள். டின்னில் மோதி, தூரம்வரை தேய்ந்துகொண்டு போய் விழுந்தாள்.

கோவர்த்தனன் ஓடி வந்தார். மகளைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, அவர் தாட்சாயணியின் பக்கம் திரும்பி, அவள் கேட்டேயிராத வார்த்தைகளைச் சொன்னார். அவள் கையை விரித்துக் கடலையைக் காட்டினாள்.

"களத்துல கெடந்துச்சுங்க."

"எப்போ பார்த்தே?"

அவள் கடலையைக் கைக்குள் மூடிக்கொண்டாள். அவர் அதற்குமேல் கேட்கவும் இல்லை. சரியாகக் கூட்டாதது ஒரு தப்பு, குறுக்கே விழுந்தது இன்னொரு தப்பு என்று முடிவு கட்டிவிட்டார். மறுநாளிலிருந்து அவளைக் கடலை சலிக்கும் சலிப்புக் கொட்டகைக்கு மாற்றினார்கள்.

ருக்மணியைப் புத்தூர் கட்டுப் போடுகிறவரிடம் கூட்டிப் போனார்கள். கணுக்கால் எலும்புக்கு ஒன்றுமில்லை, பிசகல்தான் என்று முட்டைப் பத்துப் போட்டு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி அனுப்பினார் அவர். காலை ஊன்றக் கூடாது என்றார். இளைஞர்கள் இருவர் மட்டும் பழகினார்கள். ருக்மணி கட்டுக் காலோடு சும்மா உட்காரப் பிடிக்காமல், ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு சலிப்புக் கொட்டகை வாசலுக்கு வந்து நின்றாள். மற்ற பெண்கள் கஞ்சி குடிக்கப் போயிருந்தார்கள். தாட்சாயணி மட்டும் சல்லடை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் கடலையை முன்னாடியே பார்த்துட்டீங்க, இல்ல?" என்றாள் ருக்மணி.

பொய் சொல்ல வழி இருந்தது. ஆனால் கேட்டவளின் முகத்தில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும் இருந்தது.

"பாத்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

தாட்சாயணி கடலையைச் சலித்தாள். தூசி எழுந்தது. "வயித்தெரிச்சல்" என்றாள் கடைசியில். "உன்னப் பாத்தா எனுக்கு வயிறு எரியுது. வந்த நாளா எரிஞ்சுக்கினுதான் இருக்குது."

அவள் ஒருமையில் பேசியதை இருவருமே கவனித்தார்கள். ருக்மணி திரும்பிப் போய்விட்டாள். அப்பாவிடம் சொல்லிவிடுவாள், வேலை போய்விடும், திருவேங்கடத்தின் வேலையும் சேர்ந்து போகும் என்று தாட்சாயணி பயந்து கிடந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. சில நாள் கழித்து, கட்டை அவிழ்த்த அன்று, ருக்மணி மறுபடி வந்தாள். கையில் சக்கர பூட்ஸ் இருந்தது.

"வா, போட்டுப் பாரு" என்றாள்.

மத்தியான வெயில். கோவர்த்தனன் தூங்கிக்கொண்டிருந்தார். கொட்டகைக்குப் பின்னால் இருந்த சின்னச் சிமெண்டுத் தரையில் தாட்சாயணி அதைப் போட்டுக்கொண்டு எழுந்தாள். எழுந்த வேகத்தில் உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். கணுக்கால் இரண்டும் உள்ளே மடிந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி போவதற்குள் தொடை நடுங்கியது. மாட்டு வண்டியைப் பிடித்த கால் இது. இன்று அது அவள் சொன்னபடி கேட்கவில்லை. ருக்மணி கைகொடுக்க வந்தாள். இவள் தட்டிவிட்டாள். கடைசியாக ஒரு தரம் சுவரைத் தள்ளிவிட்டு, எதையும் பிடிக்காமல் தரையின் மறுபக்கம்வரை போனாள். காற்று முகத்தில் பட்டது. அவ்வளவுதான். புட்டம் அடிபட விழுந்தாள்.

"எத்தினி வருசம் ஆச்சு உனுக்கு, இப்பிடிப் போவ?"

"ஒன்பது வயசுல ஆரம்பிச்சேன்."

தாட்சாயணி பூட்ஸைக் கழற்றினாள். ஒன்பது வயதில் தானும் ஓடிக்கொண்டுதான் இருந்தோம் என்று நினைத்தாள். முன்பெல்லாம் பொறாமை வயிற்றில் மட்டும் இருந்தது. இப்போது காலிலும் இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு ருக்மணி அப்பாவிடம் சொல்லி அவளைக் களத்து வேலைக்கே மாற்றினாள். தூர வளைவில் நிற்க வேண்டும், ஏதாவது கிடந்தால் உடனே கத்த வேண்டும், அதுதான் வேலை. விழவைத்தவளையே காவலுக்கு வைப்பதா என்று கோவர்த்தனன் கேட்டாராம். ருக்மணி காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. தாட்சாயணியிடம் சொன்னாள்.

"என்னைப் பார்த்து வயிறு எரியறவளோட கண்ணுக்குத்தான் எல்லாம் தெரியுது. நீ அங்கேயே நில்லு."

அவள் நின்றாள். இலை விழுந்தால் கத்தினாள், அணில் குறுக்கே வந்தால் கத்தினாள். ருக்மணியின் வேகம் மெல்லத் திரும்பி வந்தது. பிறகு பழையதைத் தாண்டியும் போனது. வளைவில் அவள் கடந்து போகும்போது இவளுடைய புடவை முந்தானை பறக்கும். ஒவ்வொரு தரமும் தாட்சாயணிக்கு அதே பழைய எரிச்சல்.

பட்டணத்துக்காரர்கள் புத்தூரை விட்டுப் போகாததன் காரணம் அதற்குள் மில் முழுக்கத் தெரிந்துவிட்டது. பட்டணத்துக் குழுவில் ருக்மணியைவிட வேகமான பெண்கள் இருந்தார்கள். அங்கே அவளுக்கு இடம் கிடைப்பது கடினம். ஆந்திரக் குழுவுக்குத் திருப்பதியில் ஆள் பொறுக்குகிறார்கள், வந்து நிற்கும் பெண்களே குறைவு. மச்சானின் மில் இந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வைத்து மகளை இந்த ராஜ்யத்துக்காக நிறுத்திவிடலாம் என்பது கோவர்த்தனனின் கணக்கு. திருவேங்கடம் இதைச் சொன்னபோது அவன் குரலில் வியப்பு இல்லை. தார் எழுத்துக்கும் ஊர்வலத்துக்கும் அப்புறம் எங்கே இருக்கிறோம் என்று நமக்கே இப்போதுதான் சொல்லியிருக்கிறார்கள், இவர்கள் நினைத்த இடத்தில் இருந்துகொள்கிறார்கள் என்றான்.

திருப்பதிக்கு மில் லாரியில் போனார்கள். ருக்மணி கேட்டுக்கொண்டதால் தாட்சாயணியும் வந்தாள். இடம், ஒரு பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்துத் தளம். திருமலை மொட்டையாகத் தெரிந்தது. இன்னும் வெயில் ஏறவில்லை. பெண்கள் நாலைந்து பேர்தான் வந்திருந்தார்கள். அதில் அம்சவேணி என்று ஒருத்தி, கங்காதர நெல்லூர்ப் பக்கம். அவளுடைய அப்பா சித்தூரில் தாலுகா ஆபீஸ் சிப்பந்தி. பூட்ஸ் இரவல். பெரிதாக இருந்ததால் உள்ளே துணி திணித்திருந்தாள். மற்றவர்களைவிட நன்றாகவே ஓடினாள். ஆனால் ருக்மணி சும்மா உடம்பைச் சூடு செய்ய இரண்டு சுற்றுப் போனதைப் பார்த்ததுமே அவள் முகம் இறங்கிவிட்டது. தாட்சாயணி அதைப் பார்த்தாள். அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அம்சவேணியின் அப்பா தகராறு செய்தார். இந்தப் பெண் மதராஸ்காரி, இவளை எப்படி இங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்டார். கோவர்த்தனன் மில்லைச் சொன்னார், மச்சானைச் சொன்னார், புத்தூரில்தான் குடியிருக்கிறோம் என்றார். கூட்டத்தில் யாரோ, புத்தூர் எந்த ராஜ்யம் என்றே இப்போதுதான் முடிவாகியிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். தேர்வு நடத்த வந்த பெரியவர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, சுற்றிலும் பார்த்தார். பையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்ற தாட்சாயணியைக் கூப்பிட்டார். ஊர்க்காரி, இவளுக்கு இதில் ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்று நினைத்திருப்பார்.

"ஈ அம்மாயி மீ ஊரிதேனா?" என்றார். இந்தப் பெண் உங்கள் ஊர்தானா?

கோவர்த்தனன் அவளையே பார்த்தார். ருக்மணி பார்க்கவில்லை, குனிந்து பூட்ஸைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அது பொய். இல்லை என்றால் அது நிஜம். ஆனால் அந்த நிஜத்தைச் சொல்ல எத்தனை நாளாகத் தன் வயிறு காத்திருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. பொய் சொன்னால் நல்லவளாகலாம், உண்மை சொன்னால் பொறாமைக்காரியாகலாம் என்று வந்து நின்றது. அவள் துணி திணித்த அந்தப் பெரிய பூட்ஸைப் பார்த்தாள்.

"இல்லீங்க. வூரு பட்டணம். மாமா மில்லுக்கு வந்திருக்குது, இந்தக் கோடைக்கு" என்றாள். பெரியவருக்குப் புரியவில்லையோ என்று, தெலுங்கிலும் ஒருமுறை சொன்னாள்.

ருக்மணியின் பெயரை எடுத்துவிட்டார்கள். கோவர்த்தனன் லாரிப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார். போட்டி நடந்து, அம்சவேணி முதலாவதாக வந்தாள். அவளுடைய அப்பா எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கினார். தாட்சாயணியின் கையையும் பிடித்தார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தும் அவளுக்கு எரிந்ததே தவிர, நல்லது செய்தோம் என்று தோன்றவில்லை.

பெரியவர் மனசு கேட்காமல், வந்ததற்கு ஒரு தரம் ஓடிக் காட்டட்டுமே என்றார். ருக்மணி தளத்தில் இறங்கினாள். தனியாக, எதற்கும் இல்லாமல் ஓடினாள். புத்தூர்க் களத்தில் இத்தனை நாள் ஓடியதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. அவள் கோபத்தில் இருந்தாள், கோபம் முழுவதும் காலுக்குப் போனது. வளைவில் கை தரையைத் தொடும் அளவுக்குச் சாய்ந்தாள். அம்சவேணி வாய்பிளந்து நின்றாள். ஓடி முடித்தாள். முதலில் கை தட்டியது தாட்சாயணி. தட்டிக்கொண்டே அழுதாள். பக்கத்தில் இருந்தவர்கள், தான் கெடுத்த பெண்ணுக்காக இவள் அழுகிறாள் என்று நினைத்தார்கள். அவள் அழுதது தனக்காக.

திரும்பும்போது லாரியில் ருக்மணி பின்னால் வந்து, மூட்டைக்கோணிமேல் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தாள். லாரி ரேணிகுண்டாவைத் தாண்டியது.

"நீ சொன்னது நெசந்தான். அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றாள் ருக்மணி. பிறகு, "ஆனா நீ நெசத்துக்காகச் சொல்லல" என்றாள்.

"தெரியில. ரெண்டும் கலந்து இருந்துச்சு" என்றாள் தாட்சாயணி. அதுதான் அவளுக்குத் தெரிந்த அளவுக்கு உண்மை. ருக்மணி அதற்குமேல் கேட்கவில்லை. புத்தூரில் இறங்கும்போது சொல்லிக்கொள்ளவும் இல்லை. மறுநாள் காலை அவர்கள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள்.

மறு வருஷம் எல்லை நடைமுறைக்கு வந்தது. திருத்தணிக்காரர்கள் அந்தப் பக்கம் போனார்கள், புத்தூர் இங்கேயே நின்றது. களத்தில் கடலை பரப்பினார்கள். தாட்சாயணிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அது நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஓடியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் அடக்கி வைக்கச் சொன்னால் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ருக்மணி விடாமல் பழகினாள் என்றும், பட்டணத்துக் குழுவிலேயே கடைசி ஆளாக இடம் பிடித்து எங்கோ வடக்கே பந்தயத்துக்குப் போயிருக்கிறாள் என்றும் மில்லில் பேச்சு வந்தது. பட்டணத்திலிருந்து யார் வந்தாலும் தாட்சாயணி எடைமேடைப் பக்கம் போய் நின்று, திருவேங்கடத்தை அனுப்பிக் கேட்கச் சொல்வாள். வந்த சேதி நல்லதாக இருந்தால் அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். சேதி இல்லையென்றால் அதைவிட மோசம், சோறே தின்ன மாட்டாள்.

வடக்கே நடந்த பந்தயம் முடிந்திருக்கும் என்ற வாரத்தில் ரங்கையாவின் கார் பட்டணத்திலிருந்து வந்தது. திருவேங்கடம் போய்ப் பேசிவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டே மெதுவாகத் திரும்பி வந்தான். அவள் சல்லடையை வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"உனுக்குத்தான் அவளக் கண்டா ஆவாதே. அப்புறம் இன்னாத்துக்கு இப்பிடிக் கேட்டுக்கினே கீறே?" என்றான்.

"ஆவாதுதான்" என்றாள் தாட்சாயணி. "கெலிச்சாளா இல்லியா, அதச் சொல்லு."